வீட்டுக் கச்சேரி டிவிடியில் சாப்டர் குறிகளைச் சரிசெய்ய எந்த வழி?

வீட்டில் பதிவு செய்த கச்சேரி டிவிடியைப் போட்டு ரிமோட்டில் நெக்ஸ்ட் அமுக்கினால் அடுத்த பாட்டு வர வேண்டும். வராது. ஆலாபனையின் நடுவில் போய் நிற்கும். இன்னொரு தடவை அமுக்கினால் தனியாவர்த்தனத்தின் பாதியில் விழும். வீடியோ எடுத்தவர் மேல் குற்றமில்லை. டிவிடி ரெக்கார்டருக்குப் பாட்டு எங்கே முடிகிறது என்று தெரியாது. 5 நிமிடத்துக்கு ஒன்று, 10 நிமிடத்துக்கு ஒன்று என்று செட்டிங்கில் இருந்தபடி கடிகாரத்தைப் பார்த்துக் குறி போட்டுக்கொண்டே போயிருக்கும். நேரடியாக டிவிடியில் பதிவு செய்த கேமரா என்றால் வேறு கதை: ஒவ்வொரு தடவை ரெக்கார்டு பட்டனை அமுக்கி நிறுத்தியதும் ஒரு சாப்டராகியிருக்கும். எடுத்தவர் காப்பி குடிக்கப் போன இடமெல்லாம் அதில் தெரியும்.

பாலக்கோட்டில் இருக்கும் என் பெரியப்பாவிடம் இப்படி ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கிறது. கோயில் திருவிழா மேடைக் கச்சேரிகள், தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் தைப்பூசத்தின்போது எடுத்த நாதஸ்வரம், சொந்தக்காரர் கல்யாணத்தில் வாசித்த வயலின், பொதிகையில் வந்ததை டிவியிலிருந்தே பிடித்தவை. அவற்றைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது எத்தனை வழி இருக்கிறது, எது யாருக்கு ஒத்துவரும் என்று தேடியதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம். டிவிடியில் சாப்டர் என்பது நினைத்த இடத்தில் ஒட்டுகிற சீட்டு கிடையாது. வட்டுக்குள் படம் 'செல்' என்ற துண்டுகளாக இருக்கிறது. சாப்டர் ஒரு செல்லின் தொடக்கத்தில்தான் ஆரம்பிக்க முடியும். ஒவ்வொரு செல்லும் இன்னும் சிறிய கட்டுகளால் ஆனது. ஒரு கட்டு ஏறக்குறைய 0.4 நொடியிலிருந்து 1 நொடி வரை. நம் ஊர் டிவிக்கான 'பால்' (PAL) முறையில் நொடிக்கு 25 பிரேம்; அதில் அதிகபட்சம் 15 பிரேமுக்கு ஒருமுறைதான் முழுப்படம் ஒன்று வரும், நடுவில் உள்ளதெல்லாம் முன்னதிலிருந்து என்ன மாறியது என்ற கணக்கு மட்டுமே. ஆகவே நீங்கள் 12:40.00 என்று எழுதினாலும் குறி அரை நொடி முன்னே பின்னே போய் உட்காரும். கச்சேரிக்கு அரை நொடி பெரிய விஷயமில்லை. ஆனால் ஏற்கெனவே ஃபைனலைஸ் செய்த, அதாவது எந்த ப்ளேயரிலும் ஓடும்படி பதிவை முடித்து மூடிய, டிவிடி-ஆர் வட்டில் இருக்கிற குறியைக் கொஞ்சம் தள்ளி வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. உள்ளே இருப்பதை வெளியே எடுத்து, குறியை மாற்றி, வேறு வட்டிலோ கோப்பிலோ வைக்க வேண்டும். எல்லா வழிகளும் இதைத்தான் வேறு வேறு விதமாகச் செய்கின்றன.

பதிவு செய்த ரெக்கார்டரே இன்னும் உயிரோடு இருந்தால்? ஹார்டு டிஸ்க் உள்ள மாடலாகவும் பதிவு அதிலேயே கிடப்பதாகவும் இருந்தால், அதைவிட நல்ல வழி கிடையாது. ரிமோட்டிலேயே சாப்டர் சேர்க்கலாம், நீக்கலாம், அப்புறம் புது வட்டில் அடிக்கலாம். விஆர் முறையில் (பிறகு திருத்துவதற்கென்றே உள்ள பதிவு முறை) பதிவு செய்த, அழித்தெழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ, டிவிடி-ரேம் வட்டுகளிலும், சில ரெக்கார்டர்களில் டிவிடி பிளஸ் ஆர்டபிள்யூ வட்டுகளிலும் வட்டின் மேலேயே திருத்த முடியும். நடைமுறையில் பெட்டியின் லென்ஸ் போயிருக்கும், இல்லையென்றால் ரிமோட் தொலைந்திருக்கும். இருந்தால் பயன்படுத்துங்கள், இதற்காகப் பழைய ரெக்கார்டர் தேடி பெங்களூர் எஸ்.பி. ரோடு வரைக்கும் போக வேண்டாம்.

அடுத்தது, கம்ப்யூட்டரில் டிவிடியைத் திரும்பக் கட்டுவது. வட்டைத் திறந்தால் வீடியோ 1 ஜிபி அளவுள்ள விஓபி (VOB) என்ற கோப்புத் துண்டுகளாகக் கிடக்கும். இலவசமாகக் கிடைக்கும் டிவிடிஸ்டைலர் என்ற மென்பொருளில் அதைக் கொடுத்து, டைட்டிலின் (வட்டில் உள்ள ஒரு முழு வீடியோவின்) பண்புகளில் சாப்டர் என்ற கட்டத்தில் நேரங்களைக் கமா போட்டு எழுதிவிட்டால் புது டிவிடி தயார். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும்.

ஒன்று, அந்த 1 ஜிபி துண்டு முடிகிற இடத்துக்கும் பாட்டு முடிகிற இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. துண்டுகளைத் தனித்தனி டைட்டிலாகச் சேர்த்தால் நிரவலின் நடுவில் படம் ஒரு கணம் நின்று கிளம்பும். அதனால் முதலில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்துவிட வேண்டும்.

இரண்டாவது இதைவிட முக்கியம். வீடியோ, ஆடியோ இரண்டுக்கும் வடிவம் என்ற இடத்தில் 'காப்பி' (Copy) என்று மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் மென்பொருள் முழுப் படத்தையும் மறுபடி சுருக்க ஆரம்பித்துவிடும். மணிக்கணக்கில் ஓடும், கடைசியில் கிடைப்பது முன்பைவிட மங்கலான படம். நாலு மணி நேரம் ஒரே வட்டில் அடங்க எல்பி முறையில் எடுத்த பதிவு ஏற்கெனவே நைந்துபோய்த்தான் இருக்கும். அதை இன்னொரு தடவை பிழியக் கூடாது. குறி மாற்றுகிற வேலைக்குப் படத்தைத் தொடவே தேவையில்லை. சரியாகச் செய்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும், தரம் ஒரு துளிகூடக் குறையாது. வேலை மணிக்கணக்கில் ஓடுகிறது என்றால் நிறுத்திவிட்டு செட்டிங்கைப் பாருங்கள்.

இந்த வழியின் பலம், கிடைப்பது சாதாரண டிவிடி. எந்த வீட்டு ப்ளேயரிலும் ஓடும், ரிமோட்டின் நெக்ஸ்ட் பட்டன் சொன்னபடி கேட்கும். ஒரு டைட்டிலுக்கு 99 சாப்டர் வரை வைக்கலாம். எந்தக் கச்சேரிக்கும் அது தாராளம். பலவீனம், பாட்டின் பெயர் திரையில் வராது. டிவிடி ப்ளேயர் எண்ணைத்தான் காட்டும்; பெயர் வேண்டுமென்றால் மெனு செய்ய வேண்டும், அது தனி வேலை. அப்புறம், ஒரு குறி தப்பாக விழுந்துவிட்டது என்று பிறகு தெரிந்தால் இன்னொரு வட்டு அடிக்க வேண்டும். அதனால் முதல் தடவை அழித்தெழுதும் ஆர்டபிள்யூ வட்டில் அடித்து, வீட்டு ப்ளேயரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் மட்டும் நல்ல வட்டில் அடிப்பது மேல். வெற்று டிவிடி கிடைக்கிற கடைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. பிஜிசிஎடிட் என்று பழைய கருவி ஒன்றும் உண்டு. வட்டின் உள் அமைப்பையே திறந்து திருத்தும். வேண்டாத குறிகளை மட்டும் நீக்க அது நல்லது. உள்ளே இறங்கி வேலை செய்யப் பிடித்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

மூன்றாவது வழி, வட்டையே விட்டுவிட்டு எம்கேவி (MKV) கோப்பாக, அதாவது படமும் ஓசையும் சாப்டர் குறிகளும் ஒன்றாக அடங்கும் கோப்பாக மாற்றுவது. எனக்குப் பிடித்தது இதுதான். மேக்எம்கேவி என்ற மென்பொருள் வட்டிலிருந்து ஒரே கோப்பாக எடுத்துக் கொடுக்கும். மறுபடி சுருக்காது, ஏற்கெனவே இருந்த குறிகளையும் கூடவே கொண்டுவரும். அப்புறம் எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் சாப்டர் எடிட்டரைத் திறந்து, ரெக்கார்டர் போட்ட குறிகளை எல்லாம் அழித்துவிட்டு நம்முடையதை வைக்கலாம். பெயரைத் தமிழிலேயே கொடுக்கலாம்: 'வர்ணம்', 'தோடி ஆலாபனை', 'தோடி கிருதி', 'தனி'. சேமிக்கிற நேரம் ஒரு கணம்தான். முழுக் கோப்பையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. அடுத்த வாரம் கேட்கும்போது ஏழாவது குறி கொஞ்சம் தாமதம் என்று தோன்றினால் அதை மட்டும் திறந்து மாற்றிவிடலாம். வட்டில் இந்த வசதி ஒருநாளும் கிடைக்காது. குறியை எந்த மில்லி நொடியிலும் வைக்கலாம், ஆனால் ப்ளேயர் பக்கத்தில் இருக்கிற முழுப்படத்துக்குத்தான் தாவும். ஆக இங்கேயும் கணக்கு அந்த அரை நொடிதான்.

தடை இருப்பது பார்க்கிற இடத்தில். கம்ப்யூட்டரில் விஎல்சி (VLC) ப்ளேயரில் சாப்டர் பெயர்களோடு அழகாக வரும். கோடி (Kodi) என்ற ப்ளேயர் மென்பொருளிலும் வரும். ஆனால் பென் டிரைவை நேராக டிவியில் செருகினால், டிவியின் சொந்த ப்ளேயர் பல மாடல்களில் சாப்டரைக் கண்டுகொள்வதில்லை. கச்சேரி முழுக்க ஒரே நீளமாக ஓடும், நெக்ஸ்ட் அமுக்கினால் அடுத்த கோப்புக்குப் போய்விடும். ஆண்ட்ராய்டு டிவி என்றால் அதில் விஎல்சி போட்டுக்கொண்டால் தீர்ந்தது. வாங்கி வருடங்களான சாதாரண எல்இடி டிவி என்றால் முதலில் ஒரு கோப்பைப் போட்டுப் பார்த்துவிட்டு மீதியில் கை வையுங்கள்.

இந்த வழியில் ஒரு பொறி உண்டு. பெரியப்பா மாதிரி ஆட்கள் டிவிடி ப்ளேயரின் திரையைப் பார்த்து நேரம் குறித்து வைத்திருப்பார்கள். அந்த நேரம் கோப்பில் அப்படியே பொருந்தும் என்று நம்ப வேண்டாம். நடுவில் நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்த வட்டுகளில் நேரக் கணக்கு துண்டுக்குத் துண்டு புதிதாக ஆரம்பித்திருக்கலாம். கோப்பாகச் சேர்த்ததும் சில நொடிகள் நகர்ந்துவிடும், போகப் போக வித்தியாசம் கூடும். எந்தக் கோப்பில் குறி வைக்கப் போகிறீர்களோ அதே கோப்பை ஓட்டி நேரம் எடுங்கள். விஆர் முறை வட்டுகள் இன்னொரு தனி ரகம். அவற்றில் விஓபி இருக்காது, விஆர்ஓ என்ற ஒரே பெரிய கோப்பு இருக்கும். வீட்டு ப்ளேயர்கள் பலவும் அதைத் திறக்காது. கம்ப்யூட்டரில் விஎல்சி திறக்கும்.

பாட்டுக்கு ஒரு கோப்பாக வெட்டி வைப்பது நாலாவது வழி. லாஸ்லெஸ்கட் போன்ற கருவி மறுபடி சுருக்காமல் வெட்டித் தரும். 01, 02 என்று முன்னால் எண் போட்டுப் பெயர் வைத்தால் எந்த டிவியிலும் வரிசையாக வரும். நெக்ஸ்ட் அமுக்கினால் அடுத்த பாட்டு. மெல்லிசைக் கச்சேரிக்கு இது போதும், ஏன், இதுவே சிறந்தது என்றுகூடச் சொல்வேன். ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் தொகுப்பாளர் பேச்சும் நன்கொடை அறிவிப்பும்தான் இருக்கும். வெட்டினால் யாருக்கும் நட்டமில்லை. கர்நாடகக் கச்சேரிக்கு எனக்குச் சம்மதமில்லை. ஆலாபனை முடிந்து பாடகர் பக்கத்தில் திரும்பி வயலினுக்குச் சைகை காட்டுவது, வயலின்காரர் எடுத்துக்கொண்டு போவது, அது முடிந்து பல்லவி ஆரம்பிப்பது எல்லாம் ஒரே ஓட்டம். கோப்பு மாறும்போது டிவி ஒரு நொடியாவது கறுப்பாகும். ராகத்திலிருந்து பாட்டுக்குள் நுழைகிற இடத்தில் அந்தக் கறுப்பு விழுந்தால் கேட்கிறவருக்கு எரிச்சல்தான் வரும். முழுக் கச்சேரியை ஒரே கோப்பாக வைத்துக்கொண்டு, காரில் கேட்க மட்டும் துண்டுகள் செய்வது நியாயமான சமரசம்.

யூடியூப் பற்றிக் கேட்பார்கள். பட்டியலில் வராத வீடியோவாக ஏற்றி, விளக்கப் பெட்டியில் நேரங்களை எழுதினால் அதுவே சாப்டராகிவிடும். முதல் நேரம் 0:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று நேரங்களாவது ஏறுவரிசையில் வேண்டும், ஒவ்வொரு சாப்டரும் 10 நொடிக்குக் குறையக் கூடாது. ஓசூரிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் ஒரு லிங்க்கில் பார்த்துவிடலாம். இரண்டு எதிர்ப்பு. ஏற்றும்போது படம் கட்டாயம் மறுபடி சுருங்கும். அதோடு, மேடையில் பாடியவருக்குத் தன் நிகழ்ச்சி மேல் சட்டப்படி உரிமை உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி அது 50 ஆண்டுகள். வீட்டில் போட்டுப் பார்ப்பது வேறு, இணையத்தில் வைப்பது வேறு. கலைஞரையோ அவர் குடும்பத்தையோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள், ஒரு நகலும் கேட்பார்கள்.

ஸ்டூடியோவில் கொடுப்பது கடைசி வழி. வட்டு நிறைய இருந்து, நேரமில்லை என்றால் தப்பில்லை. ஆனால் கல்யாண வீடியோ எடிட் செய்கிற இடங்களில் கேட்டதும் "எம்பி4 ஆக்கித் தர்றோம் சார்" என்பார்கள். அது மறுபடி சுருக்குவதுதான். பழைய பதிவுகள் படத்தின் கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தடவையில் (இன்டர்லேஸ் முறையில்) எடுத்தவை. அதை அவசரமாக மாற்றினால் வயலின் வில் வேகமாக ஓடுகிற இடத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். "சுருக்காமல் குறி மட்டும் மாற்ற முடியுமா?" என்று கேளுங்கள். கேள்வி புரிந்தால் கொடுக்கலாம். புரியவில்லை என்றால் வட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கருவி எதுவானாலும் உண்மையான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. கச்சேரியை முழுக்கக் கேட்டு, எங்கே என்ன தொடங்குகிறது என்று ஒரு காகிதத்தில் எழுதுவதுதான் அது. அந்தப் பட்டியல் கையில் இருந்தால் மேலே சொன்ன எந்த வழிக்கும் மாறிக்கொள்ளலாம். அதை எந்த மென்பொருளும் செய்து தராது. ஓசை குறைகிற இடத்தைக் கண்டுபிடித்துக் குறி வைக்கிற கருவிகள் இருக்கின்றன. கோயில் மேடைக் கச்சேரியில் ஓசை எங்கே குறையும்? சுருதிப் பெட்டி ஓடிக்கொண்டே இருக்கும், பின்னால் பாத்திரக் கடைக்காரர் விலை கூவுவார். காதால் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

எங்கே வைப்பது? நான் வைத்துக்கொண்ட முறையைச் சொல்கிறேன். பாட்டு முடிந்து கைதட்டல் எழும்பி அடங்கும். அடங்கும்போது பாடகர் தண்ணீர் குடிப்பார், மிருதங்கக்காரர் சுருதி பார்ப்பார், ஒரு தட்டு. அப்புறம் முதல் ஸ்வரம். குறி அந்த முதல் ஸ்வரத்தின் மேல் இருக்கக் கூடாது, அதற்கு ஒரு நொடி முன்னால் இருக்க வேண்டும். குறி எப்படியும் அரை நொடி தள்ளிப் போகலாம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, பழைய ப்ளேயர்கள் தாவியதும் சட்டென்று ஓசையைத் திறக்காது. முதல் அரை நொடி ஊமையாகக் கிடக்கும். சரியாக எடுப்பின் மேல் குறி வைத்தால் சாகித்யத்தின் முதல் எழுத்து விழுங்கப்பட்டுவிடும். கைதட்டலின் வால் கொஞ்சம் கேட்டால் பரவாயில்லை, நல்லதுகூட.

ஆலாபனை உள்ள உருப்படிக்கு ஒரு குறியா இரண்டா என்பதில் வீட்டிலேயே சண்டை. பெரியப்பாவுக்கு ராகமும் கிருதியும் ஒரே சாப்டராக இருக்க வேண்டும், "ராகத்தை விட்டுட்டுப் பாட்டு மட்டும் கேக்கறவன் எதுக்குக் கச்சேரிக்கு வர்றான்?" என்பார். எனக்கு இரண்டு குறி வேண்டும், பயிற்சி செய்கிற பிள்ளைகளுக்கு அதுதான் உதவும். தனியாவர்த்தனத்துக்கு ஒரு குறி என்பதில் இரண்டு பேருக்கும் சம்மதம். அவர் அதைத் தாண்டிப் போக வேண்டும் என்கிறார், நான் அங்கேயே போய் நிற்க வேண்டும் என்கிறேன். நாதஸ்வரத்தில் கணக்கு மாறும். மல்லாரியிலிருந்து ராகத்துக்குப் போகிற இடம், தவில் மட்டும் நிற்கிற இடம் இரண்டும் போதும். ஊர்வலத்தில் எடுத்த பதிவை ரொம்பத் துண்டு போட்டால் கேட்க நன்றாக இருக்காது. மங்களத்துக்குத் தனிக் குறி தேவையில்லை என்பது என் கட்சி.

முடிவாக நாங்கள் செய்தது இது. எல்லா வட்டையும் எம்கேவி ஆக்கி ஒரு ஹார்டு டிஸ்க்கில் வைத்தாயிற்று, பெயரெல்லாம் தமிழில், ஆலாபனைக்குத் தனிக் குறியோடு. பெரியப்பாவிடம் அதைக் காட்டினேன். "ஏம்ப்பா, பட்டனை அமுக்குனா அடுத்த பாட்டு வரணும், அவ்வளவுதான். கம்ப்யூட்டரெல்லாம் நீயே வச்சுக்கோ" என்றார். அவர் அடிக்கடி போட்டுக் கேட்கிற சிலவற்றை மட்டும் டிவிடியாகத் திரும்பக் கட்டி, அவர் சொன்னபடி ராகத்தையும் பாட்டையும் சேர்த்தே வைத்துக் கொடுத்தேன். நேரப் பட்டியல் ஒன்றுதான்; அதில் சில வரிகளை நீக்கியது மட்டுமே கூடுதல் வேலை. உங்கள் வீட்டில் டிவிடி ப்ளேயரே இல்லை என்றால் இந்த இரண்டாவது வேலைக்குப் போகவே வேண்டாம். ப்ளேயர் மட்டும் இருந்து கம்ப்யூட்டர் பக்கம் யாரும் போகமாட்டார்கள் என்றாலும் எம்கேவி நகல் ஒன்று இருக்கட்டும். வட்டில் பதிவைத் தாங்கும் சாயம் வருடங்கள் போகப் போக மங்கும்.

பெட்டியில் 8 செ.மீ. குட்டி வட்டுகள் இருந்தால் அவற்றை முதலில் எடுங்கள். டிவிடி கேமராவில் எடுத்தவை, 1.4 ஜிபிதான் பிடிக்கும், சாதாரண தரத்தில் ஏறக்குறைய அரை மணி நேரம். ஒரு கச்சேரி நாலைந்து வட்டில் சிதறிக் கிடக்கும், வட்டு மாற்றிய நேரத்தில் போனது போனதுதான். கேமராவில் ஃபைனலைஸ் செய்யாமல் விட்டிருந்தால் கம்ப்யூட்டர் வெற்று வட்டு என்று சொல்லக்கூடும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அந்தக் கேமராவைத் தேடி எடுத்து அதிலேயே ஃபைனலைஸ் செய்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். இந்தக் குட்டி வட்டுகளைத் தட்டு வெளியே வருகிற டிரைவில் மட்டும் போடுங்கள். வாய் வழியே இழுத்துக்கொள்கிற கார் ப்ளேயரில் போட்டால் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.